மீட்டருக்குள் ஒரு மனிதர்

மலர்க் குழு நண்பர்கள் போன மாதம் என்னை கேன்டீன் வாசலில் மடக்கி, யாராவது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு நாலு பக்கத்துக்கு வேணும் என்றார்கள். வழக்கமாக இந்தப் பக்கத்தில் எடிசன் வருவார், ஐன்ஸ்டீன் வருவார், போன வருஷ மலரைப் பார்த்து அப்படியே எழுதினாலும் யாரும் கேட்கப் போறதில்லை. ஆனா எனக்கு ஒருத்தர் மேல தனிப்பட்ட கடன் ஒன்று இருக்கிறது. அவர் பேரைச் சொல்லாமலே அவரோடு மூன்று மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். அதனால் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

டெலிபோன் கண்டுபிடித்தவர்தானே, ஆறாங்கிளாஸ்லேயே படிச்சாச்சே என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நான் சொல்ல வந்தது டெலிபோன் கதை மட்டும் இல்லை.

ஆண்டு விழாவுக்கு நாங்க போட்ட நாடகம் ஞாபகம் இருக்கும். மீனவர் குடிசை, வெளியே கடல். அந்தக் கடல் சத்தத்தை ஏதோ ஒரு கேசட்டிலிருந்து எடுக்கக் கூடாது, நம்ம கடலூர் கடலாகவே இருக்கட்டும் என்று நானும் இன்னொருவனும் சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போய், ஒரு சின்ன ரெக்கார்டரை மணலில் நட்டு வைத்து அரை மணி நேரம் பதிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினோம். கீழ வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பன் வீட்டில்தான் கம்ப்யூட்டரும் மிக்ஸிங் சாஃப்ட்வேரும் இருந்தன. தவில், புல்லாங்குழல், வசனம் எல்லாம் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தான். கடலை ஒரு தனி ட்ராக்கில் போட்டோம்.

அங்கே ஆரம்பிச்சது வினை. மீட்டர் மைனஸ் 4 டெசிபல் வரைக்கும் துள்ளுது. ஆனா காதில் கடல் எங்கேயோ பரங்கிப்பேட்டையில் அடிக்கிற மாதிரி மெல்லிசாக் கேட்குது. சரி, ஃபேடரை ஏத்துவோம் என்று ஏத்தினா, மாஸ்டர் மீட்டரில் சிவப்பு விளக்கு. இறக்கினா கடலே காணோம். சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சு என்றான் அவன். உன் ஹெட்ஃபோன்தான் செத்துப் போச்சு என்றேன் நான். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். அதே மைனஸ் 4. இன்னொரு தடவை போட்டான். அவங்க அம்மா இரண்டு முறை காபி கொடுத்து, மூன்றாவது முறை எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பக்கத்துத் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டி வந்தோம். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றிவிட்டு, கடல் ட்ராக்கை மட்டும் ஓட விடச் சொன்னார். உள்ளே இருக்கிற கோன் முன்னும் பின்னுமாக மெதுவா ஆடிக்கிட்டு இருக்கு, சத்தமே இல்லாமல்! காற்று, தோழர்களே, காற்று. கடற்கரைக் காற்று மைக்கில் மோதி உண்டான அசைவு, வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை. நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சத்தமாக எடுத்துக்காது. மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதன் முன்னால் எது வந்தாலும் எண்ணிவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டச் சொன்னார். வெட்டியதும் மீட்டர் மைனஸ் 21-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் ஃபேடரை ஏத்தினோம், கடல் வந்தது. மீட்டர் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது!

போகும்போது அண்ணன் திரையைக் காட்டி ஒன்று கேட்டார். டெசிபல் என்று எழுதும்போது முதல் எழுத்து சின்னது, இரண்டாவது எழுத்து மட்டும் ஏன் பெரிசு? நாங்க இரண்டு பேரும் முழிச்சோம். ஆம்ப்ளிஃபையர் கெயின் கணக்கில் எத்தனை தடவை எழுதியிருப்போம்! அது ஒரு ஆளோட பேருடா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல்.

பெல் பிறந்தது 1847 மார்ச் 3, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். தாத்தா, அப்பா இருவருக்கும் தொழில் பேச்சுப் பயிற்சி. அப்பா மெல்வில் பெல், எந்த மொழியின் ஒலியையும் நாக்கும் உதடும் நிற்கிற நிலையைக் கொண்டு எழுதிக் காட்டும் ஒரு எழுத்துமுறையையே உண்டாக்கியவர். அம்மா எலைசாவுக்குக் காது மந்தம். ஒரு குழாயை வைத்துக்கொண்டுதான் கேட்பார், ஆனாலும் பியானோ நன்றாக வாசிப்பார். மற்றவர்கள் குழாயில் கத்துவார்கள். பையன் பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்கு அருகில் வாயை வைத்து, தணிந்த குரலில் பேசுவானாம். எலும்பு வழியாக அதிர்வு போய் அம்மாவுக்குப் புரிந்துவிடும். சத்தம் என்பது காதுக்கு மட்டும் சொந்தமில்லை, அது ஒரு அசைவு என்று பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்துகொண்ட பிள்ளை!

பள்ளிக்கூடத்தில் பெரிய கெட்டிக்காரன் கிடையாது. (நம்ம கட்சி.) ஆனால் பன்னிரண்டு வயதில், நண்பனுடைய அப்பாவின் மாவு மில்லில் கோதுமை உமி நீக்க, ஆணி பிரஷ்களைச் சுழல விட்டு ஒரு கருவி செய்து கொடுத்தான். அண்ணனும் அவனுமாகச் சேர்ந்து ரப்பர், மரம், துருத்தி எல்லாம் வைத்து ஒரு பேசும் பொம்மைத் தலையைக் கூடச் செய்தார்கள். அம்மா என்று குழந்தை அழுகிற மாதிரி அது கத்துமாம்.

அந்த அண்ணனும் நிலைக்கவில்லை. 1867-ல் தம்பி எட்வர்டை காசநோய் கொண்டுபோனது. 1870-ல் அண்ணன் மெல்வில், அதே நோய். மூன்று பிள்ளைகளில் மிச்சமிருந்த ஒருவனையாவது காப்பாற்றணும் என்று பெற்றோர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு 1870-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிராண்ட்போர்டு என்ற ஊரில் குடியேறினார்கள். அடுத்த ஆண்டு பெல், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்க அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பகலில் பாடம், ராத்திரியில் கம்பியும் காந்தமும்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்லணும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இசைக்கவைகளை மின்காந்தத்தால் அதிர வைத்து உயிரெழுத்து ஒலிகளை உண்டாக்கிக் காட்டியிருந்தார். பெல்லுக்கு ஜெர்மன் மொழி சரியாக வராது. படங்களைப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் உயிரெழுத்துக்களைக் கம்பி வழியாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. உயிரெழுத்து போயிருந்தால் மெய்யெழுத்தும் போகுமே, முழுப் பேச்சே போகுமே என்று அவர் மண்டையில் ஓடியது. தப்பாகப் படித்த படத்திலிருந்து கிளம்பியது டெலிபோன்! நாம் தப்பாகப் படித்தால் அரியர்தான் வருகிறது, அது வேற விஷயம்.

1874 கோடையில் அவர் செய்த காரியம் கொஞ்சம் திகிலானது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். டாக்டர் நண்பர் ஒருவர் மூலம் இறந்துபோன ஒரு மனிதரின் காதை, செவிப்பறையும் சிற்றெலும்புகளும் கெடாமல் வாங்கினார். அந்த எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டினார். கீழே புகை பிடித்த கண்ணாடி. காதுக்குள் பேசினால் செவிப்பறை அதிரும், துரும்பு ஆடும், கண்ணாடியில் கோடு விழும். பேச்சின் வடிவம்! இன்றைக்கு நம் மிக்ஸிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ட்ராக்கிலும் பச்சையும் நீலமுமாக ஓடுகிறதே அலை, அதற்குச் சொந்தக்காரக் கொள்ளுத் தாத்தா அந்தப் புகைக் கண்ணாடி. பிரான்சில் ஸ்காட் என்பவர் 1857-லேயே செவிப்பறைக்குப் பதில் ஒரு சவ்வை வைத்து இதைச் செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிடணும். பெல்லுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் இதுதான்: இத்தனை மெல்லிய சவ்வு இத்தனை கனமான எலும்பை ஆட்டுகிறதென்றால், கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் தகட்டை ஆட்டாதா?

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகப் போவோம். 1875 ஜூன் 2. பாஸ்டனில் ஒரு ஒர்க் ஷாப் மாடி. உதவியாளர் வாட்சன் ஒரு அறையில், பெல் இன்னொன்றில். ஒரு எஃகு நாக்கு காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதை விரலால் சுண்டிவிட, பக்கத்து அறையில் பெல்லின் கருவியில் அந்தச் சுண்டலின் ஓசை, அதன் கார்வையோடு கேட்டது. வேறு யாராவது இருந்தால் கனெக்ஷன் லூஸ் என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பெல் ஓடி வந்து, எதையும் மாற்றாதே, என்ன செய்தாய் என்று காட்டு என்று நின்றார். பழுது என்று தோன்றியதைப் பழுதாகவே முடித்துவிடாத புத்தி அது.

1876 பிப்ரவரி 14-ல் காப்புரிமை விண்ணப்பம். அதே நாளில் எலிஷா கிரே என்பவரும் அதே மாதிரி ஒரு யோசனையைப் பதிவு செய்ய வந்தார். மார்ச் 7-ல், தன் 29-வது பிறந்த நாள் முடிந்த நான்காம் நாள், 174465 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, அமிலம் கலந்த நீரில் ஊசி தோய்த்த ஒரு கருவி வழியாகப் பக்கத்து அறையிலிருந்த வாட்சனைக் கூப்பிட்டார், வாட்சன் வந்து நின்றார். அந்த நீர்க் கருவி கிரேயின் யோசனையை ஒத்திருந்தது என்பதால் யார் முந்தி என்ற வழக்கு இன்றுவரை வரலாற்றுக்காரர்களிடம் ஓய்ந்தபாடில்லை. கோர்ட்டில் சுமார் அறுநூறு வழக்குகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888-ல் பெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு என்னவோ கிரே மேல் இன்னமும் ஒரு பரிதாபம் உண்டு.

1876 ஜூன் மாதம் பிலடெல்பியா பொருட்காட்சியில் இவருடைய மேஜையை யாரும் சீந்தவில்லை. நல்ல வேளையாக பிரேசில் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோ, பாஸ்டனில் காது கேளாதோர் பள்ளியில் பார்த்த வாத்தியார் என்று இவரை அடையாளம் கண்டு அருகே வந்தார், நடுவர்களும் பின்னாலேயே வந்தார்கள். டெலிபோன் உலகம் சுற்றியது. 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் எக்ஸ்சேஞ்ச் திறந்துவிட்டார்கள் என்றால் பாருங்களேன்.

1877 ஜூலையில் மேபல் ஹப்பர்டைத் திருமணம் செய்தார். மேபல் அவருடைய மாணவி. ஐந்து வயதில் விஷக்காய்ச்சலில் செவித்திறனை முழுக்க இழந்தவர். கல்யாணப் பரிசாக, கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளில் பத்தே பத்தை வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் மனைவி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். டெலிபோன் கண்டுபிடித்தவரின் தாயாலும் மனைவியாலும் அதில் பேச முடியாது. இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம்.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். ஒரு குண்டு கையைக் கீறிப் போனது, இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது. டாக்டர்கள் கழுவாத விரலையும் கம்பியையும் காயத்துக்குள் விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையில் இதைப் படித்த பெல்லுக்கு, டெலிபோன் வேலையில் தொல்லை கொடுத்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இரண்டு சுருள்களைச் சரியாகச் சமன் செய்து வைத்தால் ரிசீவரில் சத்தம் வராது. பக்கத்தில் ஏதாவது உலோகம் வந்தால் சமநிலை கெட்டு ரீங்காரம் கேட்கும். ஹ்யூஸ் என்பவர் இதை ஏற்கெனவே ஒரு கருவியாகச் செய்திருந்தார். நம்ம லேபில் பிரிட்ஜ் பேலன்ஸ் பண்றோமே, கிட்டத்தட்ட அந்தத் தத்துவம்தான். உடம்புக்குள் இருக்கிற ஈயக் குண்டைக் கத்தி வைக்காமலே கண்டுபிடித்தால் என்ன?

இரவு பகல் பாராமல் உழைத்தார்கள், அவரும் உதவியாளர் டெய்ன்டரும். மாட்டிறைச்சித் துண்டுக்குள் குண்டை ஒளித்துச் சோதித்தார்கள். பழைய உள்நாட்டுப் போரில் குண்டு வாங்கி, அதை உடம்பிலேயே சுமந்துகொண்டு வாழ்ந்த முன்னாள் சிப்பாய்களைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். வேலை செய்தது.

ஜூலை 26 மாலை வெள்ளை மாளிகை. ஜனாதிபதி வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிறார். கருவியை வைத்தால் குண்டின் ரீங்காரத்துக்குப் பதில் ஏதோ படபடவென்று ஒரு இரைச்சல். தோல்வியோடு திரும்பினார். பிறகு பிரித்துப் பார்த்ததில் அவசரத்தில் கண்டன்சரைத் தப்பாக இணைத்திருந்தது தெரிந்தது! உலகமே பார்த்துக்கொண்டிருந்த நாளில் வயரிங் மிஸ்டேக்! பிராக்டிகல் எக்ஸாமில் நமக்கு நடப்பது பெல்லுக்கும் நடந்திருக்கிறது என்பதில் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 1, மறுபடி. இந்த முறை கருவி சுத்தமாக வேலை செய்தது. ஆனால் ரீங்காரம் ஒரு புள்ளியில் வராமல், ஒரு அகலமான பரப்பு முழுக்க மெலிதாகக் கேட்டது. குண்டு ஒன்றுதானே, சத்தம் ஏன் இத்தனை இடத்தில்? தலைமை டாக்டர் பிளிஸ், குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று முன்னாலேயே முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்தில்தான் தேடவும் விட்டார். சத்தம் கேட்டதா, சரி, நான் சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டார்.

பெல்லுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் திரும்பவும் போய்க் கேட்டார், படுக்கையைச் சுற்றி உலோகம் எதுவுமே இல்லையா என்று. அப்போதுதான் அங்கே ஒருவருக்கு ஞாபகம் வந்தது: ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது!

பொதுவாக இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். மெத்தைக் கம்பிதான் கெடுத்துவிட்டது, ஆகா என்று. சில்வர் பீச் காற்றைக் கண்டுபிடித்த கர்வத்தில் நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் மேலே படித்தபோது அடித்துவிட்டேன். ஏனென்றால் பெல் அங்கே நிற்கவில்லை. அதே மாதிரி இன்னொரு மெத்தையை வரவழைத்து ஆராய்ந்தார். கம்பி அகலமான கண்களோடு பின்னியிருந்தது. கட்டில் முழுவதையும் பார்த்தால், கருவி ஒலித்த இடம் சின்னது. மெத்தைதான் காரணம் என்றால் கட்டில் முழுக்க அல்லவா ஒலித்திருக்கணும்? ஆகவே மெத்தை மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது என்று தனக்கு எதிராகவே எழுதி வைத்தார். கைக்குக் கிடைத்த சுலபமான சாக்கை வேண்டாம் என்று தள்ளிய மனிதர்! செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடது பக்கம், கருவிக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. தேடிய பக்கமே தப்பு. ஜனாதிபதியைக் கொன்றது குண்டைவிட, காயத்தில் ஏறிய சீழ்தான் என்பது பிற்கால மருத்துவர்கள் பலரின் கருத்து.

அந்த ஆகஸ்டு மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 15-ம் தேதி மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எட்வர்ட் என்று பேர். மூச்சு விடச் சிரமப்பட்டு சில மணி நேரத்தில் போய்விட்டது. அடுத்து பெல் செய்தது, மார்பைச் சுற்றிப் பொருத்திக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மூச்சு விட வைக்கும் ஒரு உலோகச் சட்டை. பிற்காலத்தில் இளம்பிள்ளை வாத நோயாளிகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி.

இனி மற்றவை. 1880-ல் பிரெஞ்சு அரசு கொடுத்த வோல்ட்டா பரிசு 50,000 பிராங்க் பணத்தில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்தார். அதே ஆண்டு வெளிச்சத்தின் மேல் பேச்சை ஏற்றி அனுப்பினார். ஆப்டிகல் பைபர் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். எடிசனின் தகரத்தாள் போனோகிராஃபுக்குப் பதில் மெழுகில் பதிவு செய்யும் முறையை அந்தக் கூடத்தில்தான் உருவாக்கினார்கள். 1885-ல் பெல் தானே பேசிப் பதிந்த ஒரு மெழுகுத் தட்டை, ஊசி படாமல் ஒளியால் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஒலியாக மாற்றி 2013-ல் வெளியிட்டார்கள். 128 வருஷம் கழித்து அவர் குரல் கேட்டது. பட்டம் விட்டார், விமானம் செய்ய உதவினார், 1919-ல் மணிக்கு 114 கிலோமீட்டர் ஓடிய படகு செய்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆசாமி.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது நியாயமாகாது. ஹெலன் கெல்லரின் அப்பாவுக்கு வழிகாட்டி, அந்தக் குழந்தைக்கு ஆசிரியை கிடைக்கக் காரணமாக இருந்தவர் பெல்தான். ஆனால் காது கேளாதவர்கள் சைகை மொழியை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்துப் பேசக் கற்கணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொள்வது நல்லதல்ல என்று 1880-களில் கட்டுரை படித்தார். அதனால் பல பள்ளிகளில் குழந்தைகளின் கைகளே ஊமையாக்கப்பட்டன. அந்தச் சமூகம் இதை இன்றும் மறக்கவில்லை. தாய்க்கும் மனைவிக்கும் சரிப்பட்டது எல்லோருக்கும் சரிப்படும் என்று நினைத்துவிட்டார். கார்ஃபீல்டின் கட்டிலருகே தன் முடிவையே சந்தேகப்பட்டவர் இங்கே மட்டும் சந்தேகப்படவில்லை.

1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருந்த தன் வீட்டில் இறந்தார், சர்க்கரை வியாதி. நான்காம் தேதி அடக்கம் நடந்தபோது வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தன.

டெசிபல் என்ற சொல்லை அவர் கேட்டதே கிடையாது. அது அவர் செத்த பிறகு வந்தது. டெலிபோன் என்ஜினீயர்கள் முன்பெல்லாம் சத்தம் எவ்வளவு தேய்கிறது என்பதை, இத்தனை மைல் கேபிளில் போனால் எவ்வளவு தேயுமோ அவ்வளவு என்று மைல் கணக்கில் சொல்வார்களாம். அது அலைவரிசைக்கு அலைவரிசை மாறித் தொலைத்தது. 1920-களில் மைலை விட்டுவிட்டு, இரண்டு பவர்களின் விகிதத்துக்கு லாகரிதம் எடுக்கும் ஒரு அலகு கொண்டுவந்து, 1928-ல் அதற்குப் பெல்லின் பேரை வைத்தார்கள். பத்து மடங்கு பவர் ஒரு பெல். அது ரொம்பப் பெரிசு, ஆகவே அதில் பத்தில் ஒன்று, டெசிபல். பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபல், வோல்டேஜ் இரண்டு மடங்கானால் 6.

விகிதம் என்பதால் எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்காமல் டெசிபலைப் படிக்கவே கூடாது. நம்ம ஆட்கள் பலர் சாஃப்ட்வேரில் மைனஸ் 18 பார்த்ததும் சத்தமே இல்லைன்னு நினைச்சு ஏத்திடறாங்க. அங்கே பூஜ்யம் என்பது கூரை. அதற்கு மேல் எண் கிடையாது, முட்டினால் கிழியும். ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஊசி மீட்டரில் பூஜ்யம் என்பது வழக்கமான நல்ல அளவு, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் உண்டு. ஊசி பூஜ்யத்தில் நிற்கும்போது சாஃப்ட்வேர் மைனஸ் 18 அல்லது 20 காட்டுவது போலத்தான் பொதுவாக அமைப்பார்கள். இரண்டும் சரிதான், பூஜ்யம்தான் வேற.

அன்றைக்குச் சிதம்பரத்தில் தவில் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு தகராறு. சாஃப்ட்வேரில் அழகுக்காக ஊசி மீட்டர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். ஊசி மைனஸ் 10-ஐத் தாண்டவே இல்லை, ஆனா தவில் கிழியுது. 1939-ல் அமெரிக்காவில் வகுத்த அந்த ஊசி, முழு அளவுக்கு ஏற 300 மில்லி செகண்டு எடுத்துக்கொள்ளும். தவில் அடி அதற்குள் விழுந்து எழுந்து போயே போயிடும். உச்சத்தைக் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு அடியும் கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. வசனத்தில் இன்னொன்று: ட்ராக்கில் மைனஸ் 12, மாஸ்டரில் இரண்டு பக்கமும் மைனஸ் 15. மூன்று டெசிபலை யார் சாப்பிட்டது? யாரும் இல்லை. நடுவில் வைத்த ஒரு மோனோ குரலை இடம் வலம் என்று பங்கு போடும்போது பக்கத்துக்குப் பாதி பவர், அதாவது 3 டெசிபல் குறைவு. சாஃப்ட்வேரில் அதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. இந்தத் தடவை சாஃப்ட்வேரை அழித்துப் போடவில்லை, அந்த மட்டும் முன்னேற்றம்.

நாடகத்தன்று கடல் நன்றாகவே கேட்டது. ஆனால் இதை எழுதிக் கொடுக்கும் இந்த வாரத்தில் புதுசா ஒரு தொல்லை. புல்லாங்குழலைத் திரும்பப் பதிந்ததில் இடது சேனல் மீட்டர் மட்டும் வலதைவிடச் சுமார் 3 டெசிபல் குறைவாகக் காட்டுகிறது. கேபிள் என்கிறான் அவன். எனக்கும் கேபிள் என்றுதான் தோணுது. அதே மாதிரி இன்னொரு கேபிள் கடலூரில் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் மாற்றிப் போட்டுப் பார்க்கணும்.